சங்கிலி அடகில், பயம் சந்தையில்

கேள்வி: கரூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். வயது 37, சம்பளம் 34,000. வங்கி டெபாசிட்டில் 6 லட்சம் இருக்கிறது, வட்டி 6.5%. 90களில் அப்பா ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் போட்ட பணம் திரும்ப வரவே இல்லை. அதனால் மியூச்சுவல் ஃபண்டு என்றாலே கை நடுங்குகிறது. பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று கணித்துப் பணம் கட்டும் ஆப்ஷன் டிரேடிங் செய்யச் சொல்கிறாள் அலுவலகத் தோழி. ரிஸ்க் எடுக்கப் பழகுவது எப்படி? (கொழுந்தனார் கடைக்காக என் சங்கிலியையும் வளையல்களையும் 2.80 லட்சத்துக்கு அடகு வைத்திருக்கிறேன். 9.5%. மூன்று வருடமாக வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைக்கிறேன்.)

பதில்: சகோதரி, கடைசியில் அடைப்புக்குறிக்குள் போட்டு எழுதியிருக்கிறீர்களே, என் கண் அங்கேதான் நிற்கிறது. கொழுந்தனாருக்குக் கொடுத்த பணத்துக்குப் பத்திரம் இல்லை, தவணை இல்லை, எப்போது வரும் என்ற பேச்சும் இல்லை. இதைவிடப் பெரிய ரிஸ்க் உங்கள் கணக்கில் வேறு கிடையாது. கேட்டவருக்கு இல்லை என்று சொல்லப் பயந்து எடுத்த ரிஸ்க் இது.

கணக்கைப் பாருங்கள். வருடத்துக்கு 26,600 ரூபாய் வட்டி. மூன்று வருடத்தில் ஏறக்குறைய 80,000. அது போனது போனதுதான்.

இப்போது நீங்கள் பயப்படும் சந்தை. நிஃப்டி பட்டியலில் உள்ள பெரிய கம்பெனிகளின் பங்குகளை அப்படியே வாங்கும் மியூச்சுவல் ஃபண்டுதான் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டு. மாதம் 3,000 வீதம் அதில் போட்டால் வருடத்துக்கு 36,000. 2020 ஜனவரியில் 42,000 பக்கம் இருந்த பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் மார்ச்சில் 26,000க்கு வந்தது, 38% சரிவு. உங்கள் முதல் வருட முடிவிலேயே அப்படி நடந்தாலும் குறைவது 13,700. நீங்கள் சத்தமில்லாமல் கட்டும் வட்டியில் பாதி!

அப்பாவின் பணம் ஒரே கம்பெனியில் இருந்தது, அது மூடியதும் எல்லாம் போயிற்று. நிஃப்டியில் ஐம்பது கம்பெனிகள். விலை இறங்கும், அதில் சந்தேகம் வேண்டாம். 2008இல் விழுந்த சென்செக்ஸ் பழைய உயரத்தைத் தொட 2010 நவம்பர் ஆனது. ஆகவே ஏழெட்டு வருடம் தொடத் தேவையில்லாத பணம் மட்டும் அங்கே போகட்டும்.

முதலில் டெபாசிட்டில் 2.80 லட்சம் எடுத்து நகையைத் திருப்புங்கள். முன்கூட்டி எடுப்பதற்கு வட்டியில் ஒரு சதவீதம் வரை பிடிப்பார்கள், பரவாயில்லை. 6.5% வாங்கிக்கொண்டு 9.5% கட்டுவதில் வருடம் 8,400 வீணாகிறது. மீதி 3.20 லட்சம் அவசரத்துக்கு அப்படியே கிடக்கட்டும். மிச்சமாகும் மாத வட்டி 2,200, அதோடு 800 சேர்த்தால் அந்த 3,000 வந்துவிடும்.

ஆப்ஷன் டிரேடிங் வேண்டவே வேண்டாம். அதில் இறங்கிய தனிநபர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் நஷ்டம் என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2024இல் கணக்குச் சொல்லியது. உங்கள் பயம் சரியாக வேலை செய்த இடம் அது.

அப்புறம் கொழுந்தனார். தனியாகப் போய்க் கேட்காதீர்கள், கணவரையும் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 5,000 கொடுத்தாலும் 56 மாதத்தில் அசல் முடிந்துவிடும். கடை இப்போது எப்படி ஓடுகிறது என்று விசாரியுங்கள், பிறகு மூன்று வருட வட்டி ரசீதுகளையும் எடுத்து அவர் முன்னால் வையுங்கள்.