கடையில் ரசீதோடு வாங்கும் கஞ்சா க்ரீன் கார்டைக் கெடுக்குமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். க்ரீன் கார்டுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். இங்கே 21 வயது ஆனவர்கள் கஞ்சாவைக் கடையிலேயே வாங்கலாம். வரி போட்டு ரசீதும் தருகிறார்கள். நானும் வாங்கினால் சிக்கல் வருமா? அப்படிப்பட்ட ஒரு கடையில் என் மனைவிக்குக் கணக்கு எழுதும் வேலையும் வந்திருக்கிறது.

பதில்: இரண்டுமே வேண்டாம்.

அந்த ரசீதில் இருப்பது மாநிலத்தின் வரி. நியூ ஜெர்சியில் 2020 நவம்பரில் மக்கள் வாக்களித்து, 2021 பிப்ரவரியில் சட்டம் வந்து, 2022 ஏப்ரலில் விற்பனை தொடங்கியது. விற்பனை வரி 6.625 சதவீதம், அதற்கு மேல் உள்ளூர் நிர்வாகம் 2 சதவீதம் வரை போடலாம். இல்லினாய்ஸ் 2019-ல் சட்டமன்றத்திலேயே நிறைவேற்றி, சரக்கின் வீரியத்தைப் பார்த்து 10 முதல் 25 சதவீதம் வரை வரி வைத்தது. இப்படி 24 மாநிலங்கள் அனுமதித்துவிட்டன. ஆனால் விசாவும் க்ரீன் கார்டும் மத்திய அரசின் கையில். அங்கே 1970-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம்தான் பேசும். அதன்படி, போதைக்காகக் கஞ்சா வைத்திருப்பது குற்றம்.

"போலீஸ் பிடித்து, கோர்ட்டில் தண்டனை கிடைத்தால்தானே பிரச்சினை?" என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. குடியேற்றச் சட்டத்தில், கஞ்சா வைத்திருந்ததை நீங்களே ஒப்புக்கொண்டால் போதும், க்ரீன் கார்டை மறுத்துவிடலாம்; வழக்கே தேவையில்லை. க்ரீன் கார்டுக்கான மருத்துவப் பரிசோதனையில் டாக்டர் போதைப் பழக்கம் பற்றிக் கேட்பார். "கொலராடோ போனபோது ஒரு தடவை, அங்கே லீகல்தானே" என்று சர்வசாதாரணமாகச் சொல்வது கோப்பில் ஏறிவிடும். ஊருக்குப் போய்த் திரும்பும்போது விமான நிலைய அதிகாரி உங்கள் போனைப் பார்க்கலாம்; கடை வாசலில் எடுத்த ஒரு படத்திலிருந்தே கேள்வி தொடங்கலாம். அதற்காகப் பொய் சொல்லிவிடாதீர்கள். பொய் தனிக் குற்றம், அதற்கான தடை வாழ்நாள் முழுக்க நிற்கும். மருத்துவக் கஞ்சா அட்டை வைத்திருந்தாலும் இதே கதைதான்.

மனைவியின் வேலை இன்னும் ஆபத்து. மத்திய அரசின் பார்வையில் அந்தக் கடை செய்வது போதைப்பொருள் வியாபாரம். கணக்கு எழுதுபவரும் அதில் பங்கு என்று சொல்ல இடமிருக்கிறது. இந்தத் துறையில் வேலை பார்த்ததே குடியுரிமை கேட்கும்போது நன்னடத்தைக்குக் குறையாகலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் எழுத்திலேயே சொல்லியிருக்கிறது.

சரி, ஏற்கெனவே உபயோகித்திருந்தால்? மருத்துவப் பரிசோதனைக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் முன்னால் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். ஒரே ஒரு முறை, சொந்த உபயோகத்துக்கு, 30 கிராமுக்குள் என்றால் விலக்கு கேட்க வழியுண்டு. ஆனால் நீங்கள் இல்லாமல் குடும்பத்தில் ஒருவர் கடுமையாகக் கஷ்டப்படுவார் என்று பொதுவாக நிரூபிக்க வேண்டியிருக்கும். அவர் அமெரிக்கக் குடியுரிமையோ க்ரீன் கார்டோ உள்ள துணை, பெற்றோர் அல்லது பிள்ளையாக இருக்க வேண்டும். உங்கள் குழந்தை அமெரிக்காவில் பிறந்திருந்தால் அதை வழக்கறிஞரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.