முள்ளங்கியை விடுங்கள், கொத்தவரைக்கு மாறுங்கள்

கேள்வி: மணலி புதுநகர் பக்கம் 10 சென்ட் குத்தகைக்கு எடுத்து அரைக்கீரையும் முள்ளங்கியும் போடுகிறேன். போர் தண்ணீர் உப்பு. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 2,000 காட்டுகிறது. பங்குனிக்கு மேல் இலை ஓரம் கருகுகிறது, பாத்தியில் வெள்ளையாகப் பூக்கிறது. பயந்துபோய் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இலை மேலேயே தெளிக்கிறேன். உரக்கடையில் ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். போடலாமா ஐயா?

பதில்: ஜிப்சத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்தத் தினசரித் தெளிப்பை நிறுத்துங்கள். பாதிக் கருகல் அதனால்தான். இலை மேல் விழும் உப்புத்தண்ணீர் வெயிலில் காய்ந்து, சோடியமும் குளோரைடும் இலைக்குள்ளேயே இறங்கிவிடும்.

கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். 2,000 என்றால் லிட்டருக்கு சுமார் 2 கிராம் உப்பு. ஒரு சென்ட்டில் ஒரு அங்குலம் தண்ணீர் கட்ட ஆயிரம் லிட்டர் பிடிக்கும். அதோடு 2 கிலோ உப்பும் இறங்கும். உங்கள் 10 சென்ட்டுக்கு ஒரு பாய்ச்சலுக்கு 20 கிலோ. தண்ணீரைச் செடியும் வெயிலும் எடுத்துக்கொள்ளும், உப்பு மண்ணிலேயே கிடக்கும். அதை வேருக்குக் கீழே தள்ளினால்தான் பிழைப்பு. அதனால் நாள் விட்டு, வேர் நனைந்து மேலும் ஐந்தில் ஒரு பங்கு கீழே இறங்கும்படி, சாயங்காலத்தில் பாத்தியில் கட்டுங்கள்.

இதில் ஒரு சிக்கல். கொசஸ்தலை ஆற்றை ஒட்டிய தாழ்வான நிலமா? மூன்றடி குழி வெட்டினாலே தண்ணீர் ஊறுகிறதா? அப்படியானால் கீழே தள்ளிய உப்பு திரும்ப மேலேறும். அங்கே வடிகால் வெட்டி, மேட்டுப்பாத்தி போடுவதுதான் வழி. உப்பு மேட்டின் உச்சியில்தான் சேரும் என்பதால் விதையைச் சரிவில் ஊன்றுங்கள்.

சரி, பயிர். முள்ளங்கி, வெங்காயம், பீன்ஸ் எல்லாம் உப்புக்குச் சீக்கிரம் சுருண்டுவிடும். கொத்தவரை நன்றாகத் தாங்கும். காராமணி, பீட்ரூட் ஓரளவுக்குத் தாங்கும். எதுவானாலும் முளைக்கும் பருவத்தில்தான் அதிகம் தவிக்கும். லாரித் தண்ணீரோ குளத்துத் தண்ணீரோ கொஞ்சம் கிடைத்தால் முதல் பத்துப் பதினைந்து நாளைக்கு அதையே கொடுங்கள், பிறகு போர் தண்ணீர். பொட்டாஷ் போடுவதாக இருந்தால் மூரியேட் வேண்டாம், அதிலும் குளோரைடு இருக்கிறது. சல்பேட் வாங்குங்கள், விலை கூடுதல்தான்.

ஜிப்சம் சோடியம் ஏறி இறுகிப்போன களர் மண்ணுக்கு மருந்து. உப்பு மட்டும் சேர்ந்த உவர் மண்ணுக்கு அது இன்னொரு உப்பு, அவ்வளவே. மண்ணின் கார அமில நிலை (pH) 8.5க்கு மேல், சோடியமும் அதிகம் என்று பரிசோதனையில் வந்தால் மட்டும் போடுங்கள். மீஞ்சூர் தொடங்கி உங்கள் பக்கம் வரை பல வருடமாக நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருக்கிறது, அதனால் வைகாசியில் ஒரு தடவை, மார்கழியில் ஒரு தடவை தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுத்துப் பாருங்கள். பக்கத்தில் தொழிற்சாலைக் கழிவுநீர் ஓடினால் கன உலோகமும் பார்க்கச் சொல்லுங்கள். கீரை சாப்பிடுகிற பொருள், மீட்டர் அதைக் காட்டாது.

ஐப்பசிக்கு முன் வரப்பை உயர்த்தி மழையை வயலிலேயே நிறுத்துங்கள். அதைவிட மலிவான கழுவல் கிடையாது. ஆனால் சித்திரையில் ஒரு தூறல் விழுந்தது என்று மோட்டாரை அணைத்துவிடாதீர்கள். தூறல் மேலே பூத்த உப்பைக் கரைத்து வேர்வரை கொண்டுபோய் விட்டுவிடும். அன்றைக்குத்தான் நன்றாகத் தண்ணீர் கட்ட வேண்டும்.