பலமுறை தோற்ற எம்எம்ஏ (பல தற்காப்புக் கலைகள் கலந்த சண்டைப் போட்டி) வீரர் மறுபடியும் மேலே வர முடியுமா?

முடியும். பிரேசிலின் சார்லஸ் ஒலிவேராவைப் பாருங்கள். 2010இல் 20 வயதில், எம்எம்ஏ போட்டிகளை நடத்தும் யுஎஃப்சி அமைப்புக்குள் வந்தார். அடுத்த ஏழெட்டு ஆண்டுகள் வெற்றியும் தோல்வியும் மாறி மாறித்தான். 145 பவுண்டு பிரிவில் நான்கு முறை எடையைக் குறைக்க முடியாமல் மாட்டிக்கொண்டார். அடி விழுந்தால் மனம் விட்டுவிடுவார் என்ற பேச்சும் இருந்தது.

155 பவுண்டு பிரிவுக்கு ஏறிய பிறகு, 2018 முதல் வரிசையாக 11 வெற்றி. உடலை வதைக்காமல் சண்டையிட்டதுதான் முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. 2021 மே மாதம் மைக்கேல் சாண்ட்லருடன் மோதிய பட்டப் போட்டியில் முதல் சுற்றில் கிட்டத்தட்ட முடிந்தே போனார். இரண்டாம் சுற்றில் 19 விநாடியில் சாண்ட்லரைச் சாய்த்துப் பட்டத்தை வென்றுவிட்டார்!

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. 2022 மே மாதம் ஜஸ்டின் கேத்ஜியுடனான போட்டிக்கு முன் அரை பவுண்டு எடை கூடியிருந்தது. கால் கிலோகூட இல்லை, பட்டம் தராசிலேயே போய்விட்டது. மறுநாள் முதல் சுற்றிலேயே கழுத்தை நெரித்து ஜெயித்தார், ஆனாலும் பட்டம் திரும்பவில்லை. அந்த அக்டோபரில் காலியாக இருந்த பட்டத்துக்காக மோதி, இஸ்லாம் மகச்சேவிடம் தோற்றார்.