இரவு ஷிப்டும் உடம்பின் கடிகாரமும்

அன்புள்ள ஐயா,

என்ட்ரெயின்மென்ட், அதாவது ஒன்று இன்னொன்றைத் தன்னோடு இழுத்துக்கொள்வது, என்பது கான்கிரீட்டில் வருகிறது, மேக இயற்பியலில் வருகிறது, ஊசல் கடிகாரத்திலும் வருகிறது. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விதியா? நான் வாரம் விட்டு வாரம் இரவு ஷிப்ட் பார்ப்பவன். இன்னும் உடம்பு பழகவில்லை. மன உறுதி போதவில்லை போல. மூளை அலைகளை மாற்றும் என்கிறார்களே, இரண்டு காதுக்கும் சற்றே வேறுபட்ட ஒலி தரும் அந்த பைனாரல் ஒலியை ஹெட்போனில் கேட்டால் சரியாகுமா?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

ஒரே விதி இல்லை. கான்கிரீட்டில் அது கலவைக்குள் வேண்டுமென்றே உண்டாக்கும் நுண்ணிய காற்றுக் குமிழ்கள், உள்ளிருக்கும் நீர் உறைந்து விரியும்போது வெடிப்பு விழாமல் இருக்க. மேகத்தில், மேலேறும் காற்று பக்கத்து வறண்ட காற்றையும் இழுத்துக் கலந்துகொள்வது. இரண்டிலும் தாளம் என்று ஒன்று கிடையாது, விட்டுவிடுவோம்.

கடிகாரம் வேறு. ஒரே உத்தரத்தில் தொங்கிய இரண்டு ஊசல் கடிகாரங்கள், எப்படி ஓடவிட்டாலும் சுமார் அரை மணி நேரத்தில் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் ஒழுங்காக ஆடத் தொடங்குவதை 1665இல் டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் கண்டார். உத்தரத்தின் கண்ணுக்குத் தெரியாத அசைவுதான் காரணம். ஊஞ்சலைத் தள்ளுவதை இதற்கு உதாரணமாகச் சொல்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். கையை எடுத்தால் ஊஞ்சல் நின்றுவிடும், கடிகாரம் தனியாக விட்டாலும் ஓடும். சொந்த ஓட்டம் உள்ள ஒன்றைத்தான் இன்னொன்று தன் ஓட்டத்துக்கு இழுக்க முடியும், அதுவும் இரண்டின் வேகமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால். விலகல் கூடினால் பிடி நழுவிவிடும்.

உங்கள் உடம்பும் அப்படித்தான். மனித உடம்பின் உள்கடிகாரம் சராசரியாக 24.2 மணி நேரத்துக்கு ஒரு சுற்று வருகிறது, கண்வழியே வரும் ஒளி அதைத் தினமும் 24க்கு இழுத்து வைக்கிறது. ஒளியே உணராத பார்வையற்றவர்கள் பலருக்குத் தூக்க நேரம் நாளுக்கு நாள் தள்ளிக்கொண்டே போகும். அவர்களுக்கும் மன உறுதி இல்லை என்பீர்களா? 1938இல் தூக்க ஆராய்ச்சியாளர் க்ளைட்மன் தன் மாணவருடன் அமெரிக்காவில் வெயில் எட்டாத மாமத் குகைக்குள் 32 நாள் தங்கி, 28 மணி நேர நாளுக்குப் பழகப் பார்த்தார். இளைஞரான மாணவர் ஓரளவு பழகினார், க்ளைட்மன் உடம்பு கேட்கவில்லை. தூக்க ஆராய்ச்சிக்கே வாழ்க்கையைக் கொடுத்த மனிதர் அவர்!

என் அண்ணன் வருடக்கணக்கில் இரவு வேலை பார்த்தான். பகலில் தூங்கினால் சோம்பேறி, தூங்காவிட்டால் சிடுமூஞ்சி என்று வீட்டிலேயே பேர் வாங்கினான், அப்புறம் அவனே தன்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டான். அதனால்தான் உங்கள் கடிதத்தில் அந்த 'மன உறுதி'யைப் படித்ததும் கோபம் வந்தது. தயவுசெய்து இனி அப்படி எழுதாதீர்கள். உள்கடிகாரம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நகரும். வாரம் ஒருமுறை ஷிப்டை மாற்றினால் அது போய்ச் சேர்ந்திருக்காது, போன தூரத்தையும் வேலை முடிந்து வீடு திரும்பும்போது படும் காலை வெயில் பின்னுக்கு இழுத்துவிடும். இதில் உங்கள் குற்றம் எங்கே இருக்கிறது?

ஹெட்போன் அந்தக் கடிகாரத்தை நகர்த்தாது, காசை வீணாக்காதீர்கள். தூங்கும் அறையை நன்றாக இருட்டாக்குங்கள். காலை, மாலை, இரவு என்ற வரிசையில் ஷிப்டை முன்னோக்கி மாற்றச் சொல்லிக் கேளுங்கள், பின்னோக்கி மாறுவதைவிட உடம்புக்கு அது எளிது. அடுத்த அட்டவணை போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.