நீராவி இன்ஜினில் லூப்ரிகேட்டர் எது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி (மேட்டுப்பாளையம்): நீலகிரி மலை ரயில் புறப்படும் முன் ஊழியர்கள் நீள மூக்கு எண்ணெய்க் கேனோடு இன்ஜினைச் சுற்றி வருகிறார்கள். கையாலேயே எண்ணெய் விட முடியும்போது லூப்ரிகேட்டர் எதற்கு?

பதில்: கேன் எட்டுவது வெளியே தெரியும் மூட்டுகளுக்கும் பேரிங்குகளுக்கும்தான். சிலிண்டருக்குள் நீராவி அழுத்தத்தோடு நிற்கிறது. ஓடும்போது அங்கே ஒரு மூடியைத் திறந்தால் எண்ணெய் உள்ளே போகாது, நீராவிதான் முகத்தில் அடிக்கும். அந்த அழுத்தத்தை மீறித் துளித்துளியாக எண்ணெயை உள்ளே அனுப்புவதே லூப்ரிகேட்டரின் வேலை.

கேள்வி (சென்னை): அருங்காட்சியக இன்ஜின்களில் சிலவற்றில் டிரைவர் நிற்கும் இடத்தில் கண்ணாடி பதித்த பித்தளைப் பாத்திரம் இருக்கிறது. வேறு சிலவற்றில் சக்கரத்துக்கு மேலே, பக்கவாட்டு நடைபாதையில் ஓர் இரும்புப் பெட்டி. இரண்டுமே லூப்ரிகேட்டரா?

பதில்: இரண்டும்தான். வடிவத்தைப் பார்க்காதீர்கள், அதை எது இயக்குகிறது என்று தேடுங்கள். பித்தளைப் பாத்திரத்தில் அசையும் கை எதுவும் இராது. பாய்லரிலிருந்து ஒரு நீராவிக் குழாய் மட்டும் வரும். இரும்புப் பெட்டியின் பக்கத்தில் ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து மெல்லிய கம்பி ஒன்று வால்வை ஆட்டும் அமைப்புக்கோ, சக்கரத்தோடு அசையும் வேறு பாகத்துக்கோ போகும்.

பித்தளை வகையில் பாய்லர் நீராவி மேலே குளிர்ந்து தண்ணீராகித் தேங்கி, ஒரு குழாய் வழியே எண்ணெய்க்கு அடியில் இறங்குகிறது. எண்ணெய் லேசானது என்பதால் மேலே தூக்கப்பட்டு வெளியேறுகிறது. பாய்லர் அழுத்தம் இரு பக்கமும் ஏறத்தாழ சமம். எண்ணெயைத் தள்ளுவது மேலே தேங்கிய அந்தக் கொஞ்சத் தண்ணீரின் எடைதான்! எண்ணெய் வெளியேறும் வழியில் தண்ணீர் நிரம்பிய கண்ணாடி உண்டு. அதில் துளி கீழே விழாது, குமிழி போல மேலே ஏறும். முதன்முறை பார்ப்பவர்கள் இதில்தான் குழம்புவார்கள். தண்ணீர் எண்ணெயை இடம்பெயர்க்கும் இந்த உத்தியை 1860-இல் இங்கிலாந்தின் ஜான் ராம்ஸ்பாட்டம் பயன்படுத்தினார். கண்ணாடியெல்லாம் பிறகு வந்தது. பாய்லரின் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது நெடியது, இது குட்டையானது, பல கண்ணாடிகள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றுக்கும் கீழே சிறு திருகு வால்வு இருக்கும்.

இரும்புப் பெட்டிக்குள் சிறு பம்புகள். கை முன்னும் பின்னும் ஆட, ராட்செட் பல்சக்கரம் ஒவ்வொரு பல்லாக நகர்ந்து பம்புகளை இயக்குகிறது. பெட்டியிலிருந்து கிளம்பும் மெல்லிய குழாய்களை எண்ணினால் எத்தனை இடத்துக்கு எண்ணெய் போகிறது என்று தெரியும். சில இன்ஜின்களில் இரண்டு பெட்டிகள் உண்டு: ஒன்று சிலிண்டர்களுக்கு, இன்னொன்று சக்கர அச்சுப் பெட்டிகளுக்கு. குழாய் எங்கே போய் முடிகிறது என்று பின்தொடர்ந்து பார்த்தால் எது எதுவென்று விளங்கிவிடும்.

பித்தளை வகை கடிகாரத்தைப் பார்த்து எண்ணெய் விடும். இன்ஜின் நின்றாலும் துளி ஏறிக்கொண்டே இருக்கும், ஸ்டேஷனில் மூட மறந்தால் வீண். இரும்புப் பெட்டி சக்கரச் சுற்றைப் பார்த்து விடும். நின்றால் அதுவும் நிற்கும். எங்கள் ஓட்டு இரும்புப் பெட்டிக்கே, அதில் மறதிக்கு இடம் குறைவு. ஆனாலும் இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே நெடுங்காலம் கண்ணாடி வகையை விடவில்லை. ரெகுலேட்டரை (சிலிண்டருக்கு நீராவி விடும் வால்வை) முழுக்க மூடி இறக்கத்தில் உருண்டால் பிஸ்டன்கள் வெற்றிடம் உண்டாக்கி, பாய்லரின் முன்னால் புகை சேரும் புகைப்பெட்டியின் சாம்பலை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெயும் சாம்பலும் சேர்ந்து கரிக்கட்டியாகும். எனவே அங்கே ரெகுலேட்டரை மயிரிழை திறந்துவைத்தே உருள்வார்கள். கூடவே எண்ணெயும் போகும்.

கேள்வி (ஈரோடு): கண்ணாடி வகையில் எண்ணெய் நிரப்புவது எப்படி? துளி தாறுமாறாக ஏறினால் என்ன கோளாறு?

பதில்: முதலில் துளி வால்வுகள், பிறகு தண்ணீர் வால்வு, நீராவி வால்வு எல்லாவற்றையும் மூடுங்கள். அடியிலுள்ள வடிகாலைத் திறந்து அழுத்தத்தையும் தண்ணீரையும் வெளியேற்றுங்கள். அதற்கு முன் மேல் மூடியைத் தொடவே கூடாது, கொதிக்கும் எண்ணெய் பீறிடும். வடிந்ததும் வடிகாலை மூடி, எண்ணெயைச் சற்றுச் சூடாக்கி வடிகட்டி ஊற்றுங்கள். மூடியை இறுக்கியதும் நீராவி வால்வைத் திறந்து, உடனே தண்ணீர் வால்வையும் திறந்துவிடுங்கள். எல்லாம் மூடிய பாத்திரத்தில் எண்ணெய் சூடேறி விரிந்தால் பாத்திரமே வெடிக்கலாம். கண்ணாடிகளில் தண்ணீர் நிறைந்தபின் துளி வால்வைத் திறந்து, துளிகளை எண்ணி, அந்த இன்ஜினுக்குச் சொல்லப்பட்ட அளவுக்குத் திருகுங்கள்.

ரெகுலேட்டரை மூடியதும் துளி வேகமெடுத்தால், குழாயின் கோடியிலுள்ள ஊசித்துளை தேய்ந்து அகன்றிருக்கிறது. துளையுள்ள அந்தத் திருகை மாற்ற வேண்டும். எண்ணெய் கண்ணாடியில் ஒட்டி மங்கினால் ஊதிச் சுத்தம் செய்து, மறுபடி தண்ணீர் நிறையக் காத்திருங்கள்.

இரும்புப் பெட்டியில் வேறு தொல்லைகள். எண்ணெய் தீர்ந்து ஓடினால் குழாயில் காற்று புகும். சிலிண்டர் பக்கத்து இணைப்பைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் எண்ணெய் வரும்வரை கைப்பிடியைச் சுற்ற வேண்டும் (சிலிண்டரில் அழுத்தம் இல்லாதபோது மட்டும்). குழாய் சூடாகி, பெட்டிக்குள் தண்ணீர் தென்பட்டால், நீராவியைத் தடுக்கும் ஒருவழி வால்வு கசிகிறது.

கேள்வி (திருச்சி): லாரி கியர் எண்ணெய் ஊற்றலாமா?

பதில்: கூடாது. இதற்கென்றே கெட்டியான சிலிண்டர் எண்ணெய் உண்டு. சாதாரண நீராவிக்கு பொதுவாக 460 அல்லது 680 தரம் (எண் கூடக் கூட எண்ணெய் கெட்டி), நீராவியை மேலும் சூடாக்கும் சூப்பர்ஹீட்டர் உள்ள இன்ஜினுக்கு 1000 வரை. ஈர நீராவி கழுவிவிடாதிருக்கக் கொழுப்பு கலந்த வகையும் கிடைக்கிறது. அச்சுப் பெட்டி எண்ணெயை மறந்து சிலிண்டர் பெட்டியில் ஊற்றிவிட்டால், ஓட்டிப் பார்க்காதீர்கள். வடித்து, குழாய்களைப் பம்பு செய்து காலியாக்கிவிட்டு நிரப்புங்கள்.