மழைக்காட்டில் பறவை பார்க்க வழிகாட்டி தேவையா, ஆப் போதாதா?

கேள்வி: இலங்கையின் சிங்கராஜ வனத்துக்குப் பறவை பார்க்கப் போக நினைக்கிறேன். வழிகாட்டியோடு அழைத்துப்போகும் சுற்றுலாவுக்குக் கேட்கும் பணம் அதிகமாகத் தெரிகிறது. குரலை வைத்துப் பறவையைச் சொல்லும் ஆப் இருக்கும்போது நானே போனால் போதாதா? அழிந்துவரும் காட்டுக்குள் இப்படிக் கூட்டமாகப் போவது சரிதானா?

பதில்:

தனியாகப் போக முடியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்திலேயே உள்ளூர் வழிகாட்டி ஒருவரைச் சேர்த்துத்தான் உள்ளே விடுவார்கள். ஆகவே அவர் எப்படியும் உங்களோடு வருவார். அவர் சொல்வதைக் கேட்பீர்களா, இல்லை அவரைப் பின்னால் வரச் சொல்லிவிட்டுக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நடப்பீர்களா என்பதுதான் உங்கள் கையில் இருக்கிறது. நான் முதல் நாள் முழுக்க இரண்டாவதைத்தான் செய்தேன். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் அதுதான் உறுத்தியது.

நான் பறவையியல் படித்தவன் இல்லை. பத்து வருடமாகப் பைனாகுலரோடு சுற்றுகிறேன், அவ்வளவுதான். "காசு இருக்கிறவன் பேச்சு" என்று யாராவது எழுதுவீர்கள் என்றும் தெரியும். இரண்டு வருடம் சேர்த்து வைத்துப் போன பயணம் இது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி மாதம், ஐந்து பேர், மூன்று இரவு. சுற்றுலா நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அவர்கள் அனுப்பிய குழுத்தலைவர் ஒருவர். காட்டின் குடாவ நுழைவாயிலில் எங்களோடு சேர்ந்துகொண்ட ஊர்க்காரர் ஒருவர். ஊர்க்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். எல்லாரும் அவரை ஐயா என்றுதான் கூப்பிட்டார்கள். சிங்களத்தில் ஐயா என்றால் அண்ணன். எனக்கும் வாயில் சுலபமாக வந்துவிட்டது. தேயிலைத் தோட்டத்து ஆட்களோடு பழகிய தமிழ் அவருக்குக் கொஞ்சம் இருந்தது. எனக்குச் சிங்களம் சுத்தமாகத் தெரியாது. மீதியை அரைகுறை இங்கிலீஷில் ஒப்பேற்றினோம்.

முதல் நாள் காலை ஆறரைக்கு நடக்க ஆரம்பித்தோம். ஒன்பது மணி வரை ஒன்றுமே இல்லை. உண்மையாகவே ஒன்றுமில்லை. ஏரிக்கரையில் நின்றால் கண் கொள்ளாத அளவு பறவை பார்த்துப் பழகியவர்களுக்கு மழைக்காடு பெரிய ஏமாற்றமாக இருக்கும். இலை, ஈரம், பூச்சிச் சத்தம், கழுத்து வலி. கூட வந்த ஒருவர் "காடே காலி" என்று வாய்விட்டுச் சொன்னார். நான் ஆப்பைத் திறந்து கையில் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தேன்.

திடீரென்று ஐயா உள்ளங்கையைக் காட்டி எல்லாரையும் நிறுத்தினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "வருது" என்றார் தமிழில். ஒரு நிமிடம் கழித்துத்தான் எங்களுக்குக் கேட்டது: செம்மஞ்சள் அலகுச் சிலம்பன்களின் கலகலப்பு. அதன் பிறகு பத்து நிமிடத்துக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சிலம்பன்கள் இடுப்பு உயரத்திலிருந்து தலைக்கு மேல் வரை கிளைகளைக் கிண்டிக்கொண்டே நகர்ந்தன. அவை கிளப்பிவிடும் பூச்சிக்காகப் பின்னாலேயே கொண்டைக் கரிச்சான். நடுமரத்தில் ஒரு தீக்காக்கை அசையாமல் உட்கார்ந்திருந்தது. உச்சிக் கிளையில் இலைக்கு நடுவே சிவப்பு முகம் மட்டும் தெரிந்து மறைந்தது செம்முகப் பூங்குயில். கடைசியில் காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த நீல மேக்பைகள் நான்கு வந்தன. அந்த நீலம் எனக்குப் பழக்கமான எந்தப் பறவையிலும் இல்லை.

இப்படிப் பல இனப் பறவைகள் ஒன்றாக இரை தேடிப் போகும் கலப்புக் கூட்டங்களை ஆய்வாளர்கள் 1980களின் தொடக்கத்திலிருந்தே இங்கே பதிவு செய்துவருகிறார்கள். சராசரியாக ஒரு கூட்டத்தில் பதினொன்று, பன்னிரண்டு இனம், நாற்பது பறவை. அதனால்தான் இரண்டரை மணி நேரம் காடு காலியாகத் தெரிகிறது. எல்லாம் சேர்ந்து வேறெங்கோ போய்க்கொண்டிருக்கின்றன.

நடுவில் என் ஆப் "வல்லூறு" என்று காட்டியது. பெருமையாக ஐயாவிடம் நீட்டினேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. மொட்டைக் கிளையில் இருந்த கரிச்சானை விரலால் காட்டிவிட்டுக் காத்திருந்தார். அது வாயைத் திறந்தது. அதே வல்லூறுக் குரல் வந்தது. கரிச்சான் ஆபத்து நேரத்தில் மற்றப் பறவைகளின் எச்சரிக்கைக் குரலையும், வேட்டையாடும் பறவையின் குரலையும்கூட அப்படியே எடுத்துப் பேசும் என்று இதே காட்டில் செய்த ஆய்வுகள் சொல்வதைப் பிறகுதான் படித்தேன். இப்படிப் போலிக் குரல் கொடுத்தே மற்ற இனங்களைக் கூட்டத்துக்கு இழுக்கிறது என்றும் அதில் இருந்தது. ஐயா எந்த ஆய்வும் படிக்காமல், சின்ன வயதிலிருந்து காதால் கேட்டுத் தெரிந்துகொண்டது அது. ஆப்பைக் குறை சொல்லவில்லை, ஊரில் தினமும் பயன்படுத்துகிறேன். அங்கே அதை நம்பி நடந்தால் பாதிப் பறவை தவறாகப் பதிவாகும்.

இனி, சொல்ல வெட்கப்படும் பகுதி.

சிங்கராஜவுக்குப் போகிற எல்லாருக்கும் மனதில் ஓர் ஆந்தை இருக்கும். செரண்டிப் ஆந்தை, காதுக்கொம்பு இல்லாத சின்ன ஆந்தை. தீபால் வாரக்காகொட என்ற பறவை ஆய்வாளர் 1995-ல் கித்துல்கல பக்கம் அடையாளம் தெரியாத ஒரு குரலைக் கேட்டு, விடாமல் தேடி, 2001 ஜனவரியில் சிங்கராஜவில் பறவையைக் கண்ணால் பார்த்தார். 2004-ல் புதிய இனமாக வெளியிடப்பட்டது. அதற்கு முன் இலங்கையில் புதிதாக ஒரு பறவை இனம் கண்டறியப்பட்டது 1868-ல். ஒரு குரலின் பின்னால் ஆறு வருடம் அலைந்த மனிதர் அவர். எனக்கு ஒரு மாலைப்பொழுது காத்திருக்கப் பொறுமை இல்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் குழுத்தலைவரிடம் சின்ன ஒலிபெருக்கி இருந்தது, பதிவு செய்த குரலும் இருந்தது. போடச் சொன்னது நான்தான். "இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பார்க்காமல் போவதா" என்று கேட்டது நான்தான். அவர் போட்டார். இரண்டாவது முறை போட்டதும் சரிவிலிருந்து மெல்லிசாக ஒற்றைக் குரல் பதில் வந்தது. மறுபடி போட்டார். குரல் கிட்டே வந்தது. இன்னொரு முறை. அப்புறம் நிசப்தம். "இன்னும் ஒரு தரம்" என்றேன்.

ஐயா ஒலிபெருக்கியின் மேல் கையை வைத்து மூடினார். கோபமாக இல்லை, குழந்தையின் வாயைப் பொத்துவதுபோல. அவருடைய தமிழில் அவர் சொன்னது எனக்குப் புரிந்த வரை இதுதான்: "அது வேற ஆந்தை வந்திருக்குன்னு நினைக்குது. தன் இடத்தைப் பிடிக்க வந்திருக்குன்னு. இனி ராத்திரி பூரா தேடும். சாப்பிடாது." திரும்பி நடக்கும்போது யாரும் பேசவில்லை. ஒரு மாதத்தில் எத்தனை குழு வரும், ஒவ்வொரு குழுவிலும் என்னைப்போல ஒருவன் இருப்பானே என்று இரவு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அவர் எங்களைப் பாதையிலேயே உட்கார வைத்துவிட்டுத் தனியாகச் சரிவில் இறங்கினார். நாற்பது நிமிடம் கழித்து ஒருவர் பின் ஒருவராக வரச் சொல்லிக் கைகாட்டினார். என் முறை வந்தபோது பெரணிகளுக்கு நடுவே மண்டியிட்டு, அவர் விரல் காட்டிய திசையில் பார்த்தேன். காய்ந்த இலை ஒன்று தொங்கியது. அதன் பக்கத்தில் இன்னொரு காய்ந்த இலை. அந்த இரண்டாவது இலைக்குக் கண் இருந்தது. முழங்கால் உயரத்தில், செங்கல் நிறத்தில், என் உள்ளங்கையில் அடங்கிவிடும்போல ஓர் ஆந்தை, ஒரு கண்ணைக் கீற்றாகத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. ஐயா பத்து விரலையும் ஆறு முறை மடக்கினார். ஒரு நிமிடம் முடிந்தது, எழுந்திரு என்று அர்த்தம். அவர் காதுக்குக் கீழே அட்டை கடித்த இடத்திலிருந்து ரத்தம் சட்டைக் காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூடக் கையை அசைக்கவில்லை.

ஊர் திரும்பியதும் அந்த நிறுவனம் பயண அறிக்கை அனுப்பியது. பார்த்த பறவைகளின் பட்டியல், குழுத்தலைவர் பெயர், எங்கள் ஐந்து பேர் பெயர் எல்லாம் இருந்தது. ஐயா பெயர் இல்லை. "உள்ளூர் உதவியாளர்" என்று ஒரு வரி. எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நான் எடுத்த நீல மேக்பை படத்தைச் சொந்தக்காரர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கொஞ்சம் மங்கலான படம், கிளை மறைத்திருக்கும். அதே நாளில் கணினி தயாரித்த ஏழு வண்ணப் பறவை ஒன்றை யாரோ "மழைக்காட்டு அதிசயம்" என்று போட்டார்கள். உலகத்தில் இல்லாத பறவை. முப்பது பேர் இதயம் போட்டார்கள். அது பொய் என்று எழுதியதற்கு, அழகாகத்தானே இருக்கிறது, உனக்கென்ன என்று கேட்டார்கள். இல்லாத பறவையைப் பார்த்தே மனது நிறைந்துவிட்டால், இருக்கிற பறவையின் காடு போவதைப் பற்றி யார் கேட்பார்கள்? இதில் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, அழிந்துவரும் காட்டுக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். நீங்கள் நடக்கப்போகும் அகலமான பாதையே மரம் வெட்டுவதற்காகப் போட்ட லாரிப் பாதை. 1972-லிருந்து 1977 வரை இங்கே ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக இயந்திரம் வைத்து மரம் வெட்டினார்கள். மக்கள் எதிர்ப்பால் நின்றது. 1988-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஐயாவின் அப்பா அந்த லாரிகளில் கட்டை ஏற்றும் கூலி வேலை பார்த்தவராம். மகன் அதே பாதையில் பறவை காட்டிச் சம்பாதிக்கிறார். சுற்றுலாப் பணம் காட்டைக் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. எல்லையில் போய் நின்றால் தெரியும்: கடைசி பெருமரத்திலிருந்து பத்து அடியில் தேயிலைச் செடி ஆரம்பிக்கிறது, அந்தப் பத்து அடியில் பறவைச் சத்தம் நின்றுபோகிறது. ஆனால் எல்லையோரத்துக் குடும்பம் ஒன்றுக்குக் காடு நின்றால்தான் வருமானம் என்று இருப்பது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை. விமானத்தில் போய்விட்டு இதைப் பேசலாமா என்பவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. நான் இன்னொரு முறை போவேன்.

நீங்கள் போவதானால் பணம் கட்டும் முன் நிறுவனத்திடம் இரண்டு விஷயம் கேளுங்கள். பறவையை வரவழைக்கப் பதிவுக் குரல் போடுவீர்களா, உள்ளூர் வழிகாட்டிக்குக் கூலி தனியாக எவ்வளவு. முதலாவதற்கு "தேவைப்பட்டால் போடுவோம்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள். இத்தனை இனம் உறுதி என்று எண்ணிக்கை சொல்லி விற்பவர்களை நான் நம்புவதில்லை, அந்த எண்ணிக்கையை எட்டத்தான் ஒலிபெருக்கி வெளியே வருகிறது. குழுவில் ஆறு பேருக்கு மேல் வேண்டாம், பின்னால் நிற்பவர் ஒன்றும் பார்க்க முடியாது. ஒரே பாதையில் குறைந்தது இரண்டு காலை நடக்கும்படி நாளை அமைத்துக்கொள்ளுங்கள். முதல் காலை கண் பழகவே போய்விடும். மாதம் என்றால் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. மே வந்துவிட்டால் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும்.

அட்டை கடிக்காமல் இருக்க முழங்கால் வரை வரும் காலுறையை ஊரிலேயே வாங்கிக்கொண்டு போங்கள். இரண்டு ஜோடி எடுத்துக்கொண்டால் ஒன்றை ஐயாவுக்குக் கொடுக்கலாம். அவர் ரப்பர் செருப்போடுதான் சரிவில் இறங்கினார்.