ஷீட்டைக் காற்று தூக்கிப் போட்டுவிட்டதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கோடை மழையோடு வந்த சூறைக்காற்றில் எங்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் நாலு பறந்துபோய் தெருவில் விழுந்தது. கஜா புயலுக்கே அசையாத கூரை இது. புது ஷீட் வாங்கிப் போட்டால் போதும் என்கிறார் வேலைக்கு வந்தவர். போதுமா?
– வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: போதாதும்மா. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா கரையைக் கடந்தபோது தாங்கிய கூரை என்றால், அன்றைக்கு ஷீட்டை அடிப் பைப்போடு கொக்கிபோல் பிடித்திருக்கும் ஜே போல்ட்டுகள் நன்றாக இருந்தன, அவ்வளவுதான். அதற்கப்புறம் யாராவது மேலே ஏறி அவற்றைப் பார்த்தார்களா? பறந்த நாலும் எந்தப் பக்கத்து ஷீட் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் அநேகமாக ஓரத்திலோ மூலையிலோ முகட்டை ஒட்டியோ இருந்தவையாகத்தான் இருக்கும். இறவாணத்துக்கு, அதாவது சுவரைத் தாண்டி நீளும் கூரை ஓரத்துக்கு, அடியில் புகும் காற்று கீழிருந்து தள்ளுகிறது, மேலே பாயும் காற்று உறிஞ்சி இழுக்கிறது, இரண்டும் சேர்ந்து முதலில் பெயர்ப்பது ஓரங்களைத்தான்.

அதனால் மிஞ்சியிருக்கும் ஷீட்டில் ஒரு ஜே போல்ட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வாஷர் நொறுங்கி, அதற்குக் கீழே கம்பி சீவிய பென்சில் மாதிரி மெலிந்திருந்தால் எல்லா போல்ட்டையும் மாற்றியாக வேண்டும். ஷீட்டுக்குச் செலவழித்துவிட்டு போல்ட்டில் மிச்சம் பிடிப்பதில் அர்த்தமே இல்லை. ஓட்டையை நெளியின் மேட்டில் போட வேண்டும், பள்ளத்தில் போட்டால் தண்ணீர் அங்கேயே நின்று உள்ளே இறங்கும். ஆணியை வைத்து அடித்து ஓட்டை போடுகிற ஆள் என்றால் நிறுத்திவிடுங்கள், டிரில்தான் சரி. ஓரத்து வரிசைகளில் போல்ட் நடுப்பகுதியைவிட நெருக்கமாக இருக்கட்டும்.

இன்னொன்று, இது முக்கியம். ஷீட் மேல் நேராகக் கால் வைக்க யாரையும் விடாதீர்கள், பழைய ஷீட் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். அடியில் இருக்கும் பைப்புகளின் மேல் பாரம் இறங்குகிற மாதிரி நீளப் பலகையைப் போட்டு, அதன் மேல்தான் நடக்க வேண்டும். உடைந்த துண்டுகளைத் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே எடுங்கள், காய்ந்தபடி விளக்குமாற்றால் கூட்டாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குப் போனால் பல வருடம் கழித்துப் புற்றுநோய்வரை கொண்டுபோய்விடும். என்-95 மாஸ்க் போடச் சொல்லுங்கள், சிரித்தாலும் பரவாயில்லை.

கேள்வி: பழைய ஓட்டு வீடு. காற்றில் ஓடுகள் சரிந்து ஒழுகுகிறது. எல்லாவற்றையும் பிரித்துவிட்டுத் தகர ஷீட் போடச் சொல்கிறார்கள்.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் கூரையைத் தாங்கும் கைமரம் சுவரில் உட்காரும் இடத்தைப் பாருங்கள், மழைத்தண்ணீர் இறங்கி உளுப்பது அங்கேதான். ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்து மரம் கெட்டியாக இருந்தால் வீட்டை ஏன் பிரிக்க வேண்டும்? ஓடுகளை மட்டும் மாற்றுங்கள். ஆனால் கடைக்கு வெறுங்கையோடு போகாதீர்கள், ஒரு கம்பெனி ஓடு இன்னொரு கம்பெனி ஓட்டோடு சரியாகக் கவ்வாது. உங்கள் ஓட்டில் ஒன்றை எடுத்துப்போய், அதில் அச்சடித்திருக்கும் பெயரைக் காட்டி, பழைய வீடு இடித்த சாமான் விற்கிற இடத்தில் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். இறவாணத்து வரிசை ஓடுகளை, அவை உட்காரும் ரீப்பர் சட்டத்தோடு கம்பி போட்டுக் கட்டச் சொல்லுங்கள். அதுவரை தார்ப்பாய் போடுவதென்றால் அது முகட்டைத் தாண்டி மறுபக்கமும் இறங்கியிருக்க வேண்டும், பாதியில் நிறுத்தினால் தண்ணீர் தார்ப்பாய்க்கு அடியில் போய்விடும்.

கேள்வி: ஃபெஞ்சல் புயல் நேரத்தில் பக்கத்துக் குடிசைக்கு 10,000 ரூபாய் வந்தது, ஓடு சரிந்த எங்கள் வீட்டுக்கு ஒன்றும் வரவில்லை. ஏன்?
– வாசகர், மரக்காணம்

பதில்: அந்த 10,000 குடிசைகளுக்கென்று தமிழக அரசு அறிவித்தது. மற்ற வீடுகளுக்கு, மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் 2022-26 விதிகளில் பகுதி சேதம் என்றால் குறைந்தது 15 சதவீதம் சேதமாகியிருக்க வேண்டும், அப்போதும் பக்கா (உறுதியாகக் கட்டிய) வீட்டுக்கு 6,500, கச்சா (மண் சுவர் போன்ற) வீட்டுக்கு 4,000தான். பத்து ஓடு சரிந்ததை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். இனி ஒருமுறை நேர்ந்தால், சுத்தம் செய்வதற்கு முன்பே உள்ளேயும் வெளியேயும் போட்டோ எடுத்துவிட்டு, விஏஓவிடம் எழுத்தில் மனு கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது எந்தப் பட்டியலிலும் ஏறாது.

கேள்வி: வங்கிக் கடன் வாங்கும்போதே வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் போட்டார்கள். மாடியில் போட்ட கலர் ஷீட் பறந்ததற்குப் பணம் கிடைக்குமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: பாலிசியை எடுத்துப் படித்தால்தான் தெரியும். 2021 ஏப்ரலில் வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி என்றால் புயல், சூறாவளி அடிப்படையிலேயே உண்டு. உங்கள் ஷீட் பிறகு போட்டதா, பாலிசியில் சொல்லியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு இன்றே தகவல் கொடுங்கள், பறந்த ஷீட்டைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள், சர்வேயர் வந்து பார்க்கட்டும். தற்காலிகத் தார்ப்பாய்க்கு பில் வாங்கி வையுங்கள்.

கேள்வி: புயல் எச்சரிக்கை வந்தால் மாடித் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்ய வேண்டுமா?
– வாசகர், கடலூர்

பதில்: ஐயையோ, வேண்டாம்! பிளாஸ்டிக் தொட்டி காலியாக இருந்தால்தான் பறக்கும். நிரப்பி வையுங்கள். கரண்ட் போன பிறகு குளிக்கவும் ஆகும்.